மயக்க வாயு

அலி அஸ்கர் கண் விழித்தபோது, நாங்குநேரி டீக்கடை பெஞ்சில் கிடந்தான். தலை விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் மனைவி ஷம்ஸியா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ராத்திரி படுத்தது கடைக்கு எதிரே நின்ற வேனுக்குள். படுக்கையும் அடுப்பும் வைத்து வீடு போலக் கட்டிய வேன். அதன் ஜன்னல் இப்போது நொறுங்கிக் கிடந்தது.

“மயக்க வாயு அடிச்சுக் கொள்ளையடிக்கான்னு சொன்னேம்லா? நகையப் பாரு!” என்றான் அவளிடம்.

“எல்லாம் இருக்கு.”

கடைக்கார ஆவுடைநாயகம் கையில் ரத்தம் தோய்ந்த துண்டோடு வந்தார். அலி அஸ்கர் தள்ளாடி எழுந்து அவர் சட்டையைப் பிடித்தான்.

“கண்ணாடிய உடைச்சது நீருதானவே?”

“நாந்தான்.”

“ஷம்ஸியா, போலீஸக் கூப்பிடு!”

“பைய, தம்பி. சுபுஹு தொழுகைக்கு எழுப்பச் சொன்னியள்லா? பாங்கு முடிஞ்சும் அசைவில்ல. அதான் கல்லெடுத்தேன். இத எவம் உள்ள வச்சது?”

அவர் வெளியே எடுத்து வைத்திருந்த தூபக்காலில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கொசுவுக்குச் சாம்பிராணி போட ஷம்ஸியா மூட்டியது. மயக்க வாயு நுழைந்துவிடாதபடி, இடுக்கு விடாமல் டேப் ஒட்டியது அலி அஸ்கர்.

“அடைச்ச இடத்துல கரிப்புகை ஆளக் கொன்னுரும். கள்ளன் வந்திருந்தாக்கூட நல்லதுதான். கதவத் தொறந்திருப்பான்.”

சட்டையைப் பிடித்த கை நழுவியது. அலி அஸ்கருக்குக் கண் நிறைந்தது.

“ஆட்டோ வருது. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“நீங்களும் ஏறுங்க அண்ணாச்சி,” என்றாள் ஷம்ஸியா. “கைக்குத் தையல் போடாம நாங்க ஊர் போகமாட்டோம்.”