ஆமையின் வேகம்

அக்டோபர் பத்தொன்பது; விடியற்காலையிலிருந்தே கொட்டும் மழை.

மைத்துனி வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னிலையில் மனைவி சொன்ன சொல் தையற்காரரின் நெஞ்சில் ஊசியாய்த் தைத்திருந்தது: "இவர் பைக் ஓட்டினா பின்னாடி வர்ற ஆமைகூட ஹாரன் அடிக்கும்!"

வீடு திரும்ப இருநூறு கிலோமீட்டர். தாயாரைத் தம்பியின் காரில் போகச் சொல்லிவிட்டு, அவர் பைக்கைக் கிளப்பினார். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் அணிந்த உருவம் பின்னால் ஏறியது. திரும்பியும் பாராமல் கட்டளையிட்டார்:

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது!"

பழிதீர்க்கும் பயணம் தொடங்கியது. தேங்கிய நீரில் மறைந்திருந்த பள்ளங்களைக்கூட அவர் தேடிப் பிடித்து வண்டியை இறக்கினார்.

"ஆமை எப்படிப் போகுது பாத்தியா? சொன்னது தப்புன்னு தோணினா தோளைத் தட்டு, மெதுவாப் போறேன்!"

பின்னாலிருந்து முனகல்தான் வந்தது, தட்டல் வரவில்லை. இன்னும் முறுக்கினார்.

வீட்டை அடைந்ததும் கதவைத் திறந்தவள் மனைவி. அவள்மேல் ஒரு துளி ஈரமில்லை.

"அத்தைக்குக் கார்னா தலை சுத்துமாம். இடம் மாத்திக்கிட்டோம். சொல்லலையா?"

பின்னிருக்கையில் ஹெல்மெட் மெல்லக் கழன்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே தாயார் இறங்கினார்.

"இப்ப வாயத் திறக்கலாமாடா? இருநூறு கிலோமீட்டருக்கும் சேர்த்து வச்சிருக்கேன்."

தையற்காரரின் வீரம் முடிவுற்றபோது மணி மாலை நான்கு பதினேழு.