வெண்ணிலாவின் சாயல்

“இது எம் மருமவளே இல்லம்மா. வேற யாரு வூட்டுப் பொண்ணையோ எழுதி வெச்சிருக்கற.”

படத்தைப் பார்த்த கையோடு சொல்லிவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் போயேவிட்டாள்.

ஹெப்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான்.

ஆலங்காயத்துப் பேனர் கடையில் ஹெப்சி பேர் போனவள். போட்டோவைக் கொடுத்தால் கட்டம் போட்டு அப்படியே வரைந்துவிடுவாள். கல்யாணத்துக்கும் அவள் கைதான், கண்ணீர் அஞ்சலிக்கும் அவள் கைதான். ஆனால் அவளுக்கு ஓவியம் சொல்லித்தருகிற மாஸ்டர் அதையெல்லாம் ஒரே பேச்சில் ஒதுக்கித் தள்ளிவிட்டார்.

“போட்டோ மூச்சு விடாதும்மா. மூச்சு விடுற ஆளை எதிர்ல உக்கார வெச்சு வரை. வந்துச்சா வரலையான்னு என்னக் கேக்காத. அந்த வூட்டு ஆளுங்ககிட்ட காட்டு. ‘ஆமா, இது நம்ம பொண்ணு’ன்னு சொன்னாங்கன்னா தேறிட்ட. இல்லன்னா பேனர் கடையோட நிறுத்திக்கோ.”

அதற்காகத்தான் கடையில் லீவு சொல்லிவிட்டு, ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறி வந்து, அதன் பக்கத்திலிருந்த இந்த மலையூரில் ஒரு அறை பிடித்திருந்தாள். வந்த நேரமோ சாமை விளையும் கொல்லைக்காடுகளில் களையெடுப்பு. இன்றைக்கு அடுத்த வீட்டார் நம் கொல்லைக்கு வந்தால் நாளைக்கு நாம் அவர்கள் கொல்லைக்குப் போயாக வேண்டும். முறை தவறினால் ஊரே கேட்கும். அந்த நேரத்தில் படத்துக்கு வந்து உட்கார எவள் இருப்பாள்?

கெங்கம்மாள்தான் மருமகள் வெண்ணிலாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

“கூலி குடுப்ப இல்ல? காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குந்துவா. அவ முறைக்கும் நானே களைக்குப் போய்க்கறேன்.”

ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? மகன் பெங்களூரில் செங்கல் தூக்குகிறான், மாமியார் இங்கே மருமகளைக் காட்சிக்கு வைத்துக் காசு பார்க்கிறாள் என்று காதுபடவே பேசினார்கள். கெங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆசை பிடித்த பொம்பளைதான் போலிருக்கிறது என்று ஹெப்சியும் நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் பிரஷ்ஷை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி முகத்தை அளவெடுத்தபோதே சண்டை வரப் பார்த்தது.

“இன்னாம்மா நீ, எம் மருமவளப் பார்த்துக் கண்ணடிக்கற?”

அளவு பார்க்கிற முறை அது என்று புரியவைப்பதற்குள் ஹெப்சிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் படம் வந்தது. ஹெப்சி மனசுக்கு நன்றாகவே வந்தது. கெங்கம்மாளுக்கு மூக்கு பிடிக்கவில்லை. மறுநாள் தோள்பட்டை. அதற்கும் மறுநாள், எல்லாம் சரிதான், ஆனால் ஆள் அவள் இல்லை என்றாள். காற்று வரட்டும் என்று முக்காலியை வாசற்படிப் பக்கம் இழுத்துப் போடுவாள். விழுந்த வெளிச்சமெல்லாம் மாறிப்போகும்.

வெண்ணிலாவுக்கோ உட்கார்ந்திருப்பது முள்ளாகக் குத்தியது. “மரத்துப்போச்சுக்கா. ஒரு எட்டு கொல்லைக்குப் போய்ட்டு வர்றேனே. அத்த ஒண்டியாக் கஷ்டப்படுது” என்று எழுந்து எழுந்து நிற்பாள். நடுவில் பின்பக்கம் ஓடிப்போய் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஹெப்சி ஜன்னலைத் திறந்துவைப்பாள். மத்தியானம் ஆனால் கெங்கம்மாள் வேர்வையோடு வந்து எட்டிப்பார்த்து, “எழுந்தீன்னா கூலி கெடையாதுடி” என்று மிரட்டிவிட்டுப் போவாள்.

இன்றைக்கு ஹெப்சிக்கு மனசு விட்டுப்போயிற்று. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வெண்ணிலாவிடம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கொல்லை வழியில் கெங்கம்மாள் எதிர்ப்பட்டாள்.

“எனக்கு இந்த வேலை வராதுன்னு தெரிஞ்சுபோச்சும்மா. பஸ்ஸுக்குப் போறேன். இனிமே பிரஷ்ஷையே தொடப்போறதில்ல.”

கெங்கம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. அக்கம்பக்கம் யாருமில்லையே என்று பார்த்துவிட்டு, ஹெப்சியை ஒரு புளியமரத்தடிக்கு இழுத்துப்போனாள்.

“பெரிய பாவம் பண்ணிட்டேன் கண்ணு. மொத நாளு நீ எழுதினியே, அது அவளேதான். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க ‘அத்தே’ன்னு கூப்பிட்டுடுமோன்னு இருந்துச்சு.”

“அப்புறம் ஏம்மா தினமும் இல்லன்னு சொன்னீங்க?”

கெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவளுக்கு மூணு மாசம். இதுக்கு முன்ன ரெண்டு வாட்டி தங்கல. நிக்கவும் கூடாது, குனியவும் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. தங்கறதுக்கு முன்ன ஊர்ல வாயத் தெறக்க எனக்குப் பயம். விசயத்தச் சொல்லாம களைக்கு அனுப்பாம இருக்கவும் முடியாது. வூட்ல படுடின்னா படுக்கற பொண்ணா அவ? எனக்கு முன்னாடி கொல்லைல நிப்பா. கூலி வேலன்னாத்தான் குந்துவா. படம் நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நீ அன்னிக்கே மூட்டையக் கட்டிடுவியே.”

 ஹெப்சி அங்கிருந்தே பேனர் கடைக்காரருக்குப் போன் போட்டு, லீவு இன்னும் வேண்டும் என்றாள். திரும்பி நடந்தாள்.

வெண்ணிலா அதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, களைக்கொத்தும் கையுமாக வீட்டு வாசலில் இறங்கியிருந்தாள்.

“பஸ்ஸு போய்டுச்சாக்கா?”

ஹெப்சி அவள் கையிலிருந்த களைக்கொத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

“முகம் முடிஞ்சுது வெண்ணிலா. நாளைலேர்ந்து கை. ரெண்டையும் மடியில வெச்சுக்கினு அப்படியே குந்தியிருக்கணும். இருக்கறதிலயே கஷ்டம் கைதான். எனக்குச் சட்டுனு வராது, சாமை அறுப்பு வரைக்கும் ஆகும்.”