மூன்றாவது விசில்

ஒன்பது முறை கோல்ஃப் சாம்பியனான செண்பகவல்லியின் வலது கை இப்போது கடைகளில் கிடைக்கிறது, கையுறையாக. ஒரு நிறுவனம் வருடம் முழுக்க, விழித்திருந்த நேரமெல்லாம் அவள் கையைப் பதிவு செய்திருந்தது. மாட்டிக்கொண்டால் யாரும் அவளைப் போலவே அடிக்கலாம். ஞாயிறன்று ஊட்டியில் நடக்கும் இறுதி ஆட்டத்தில் அவளோடு மோதவிருக்கும் இருபது வயது யாழினியும் அதைத்தான் மாட்டிக்கொண்டு ஆடுகிறாள். விதிகளில் தடையில்லை.

"உன் கையாலேயே உன்னைத் தோக்கடிக்கப் போறா," என்றார் கணவர் சபாபதி. அவரும் ஒரு கையுறை வாங்கி, கூடத்தில் படுக்கவைத்த டம்ளருக்குள் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. சபாபதியின் வலது கை மட்டையைக் கீழே போட்டுவிட்டு, காற்றில் எதையோ பிடித்துத் திருகியது.

"என்னாச்சு இதுக்கு?"

"அடுப்பை அணைக்கிறீங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை."

சொல்லிவிட்டு அவள் அந்தக் கையுறையை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டை அங்கேயே சமைச்சுக்கலாமா?"

ஞாயிறு. கடைசிக் குழி. செண்பகவல்லி ஆடி முடித்துவிட்டாள். யாழினி இரண்டடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ளினால் சமன், தவறினால் தோல்வி. மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் சபாபதியின் குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு இன்னொன்று. யாழினி பந்தைத் தள்ள மட்டையைப் பின்னுக்கு இழுத்தாள்.

செண்பகவல்லி தன் வலது கையை அவசரமாகப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.