மதில் யானை

அந்தக் கோட்டை நகரத்தின் மதிலிலேயே பிறந்து வளர்ந்தது ஒரு பல்லி. மதிலில் செதுக்கிய யானையைப் பார்க்கவென்றே மூன்று நாள் பறந்து வந்த மைனா, அதனிடம் விசாரித்தது.

"எனக்குத் தெரியாத யானை இங்கே ஏதம்மா? யாரோ கதை விட்டிருக்கிறார்கள். பேசாமல் ஊர் போய்ச் சேர்!"

முகம் வாடிய மைனா எதிரே இருந்த புளியமரத்தில் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. "அடேயப்பா! அண்ணா, நீங்கள் உட்கார்ந்திருப்பதே அதன் கண்ணில்தான்!"

பல்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று இறங்கிப்போய் மரமேறிப் பார்த்தது. மதில் முழுக்க நின்ற யானையைத் தும்பிக்கையிலிருந்து வால்வரை இரண்டு முறை கண்ணால் அளந்தது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் பல்லி தானாகவே யானையின் வாலோரம் ஒதுங்கிக்கொள்கிறது. "நன்றாகப் பாருங்கள், நம்ம யானைதான். சின்ன வயதிலிருந்தே பழக்கம்!"