ரோஜாப் பாத்தியில் கொட்டுச் சத்தம்

வாசலுக்கு நேர் எதிரே, கம்பளத்தின் தலைமாட்டில், தாஷ்கெண்டிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த கலாசாரத் துறை அதிகாரி சர்வார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்புறக் கோடியில், ரோஜா ஒட்டுக்கட்டும் வகுப்பு நடத்தும் அனார்குல். இடப்புறக் கோடியில், தோயிரா கொட்டு சொல்லித்தரும் மத்யாகூப். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். வாசல் ஓரத்தில், தேநீர்க் கெட்டிலோடு காவலாளி ஜுமானியாஸ்.

கீவா நகரில், கான் மன்னர்கள் காலத்துக் கோடை மாளிகை அது. ஞாயிறுதோறும் பொதுமக்களுக்காக இரண்டு வகுப்புகளும் ஒரே முற்றத்தில் நடந்தன. இன்னொரு புகார் வந்தால் இரண்டையுமே மூடிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"கொட்டுத் தோலு இறுகறதுக்கு நெருப்புல காட்டணுமாம். எங்க காட்டறது? என் ரோஜாப் பாத்தி ஓரந்தான் கெடச்சுது! மொட்டெல்லாம் கருகுது ஐயா" என்றார் அனார்குல்.

"அதுக்காக வாய்க்காலத் தொறந்து விடறதா? நெருப்பும் போச்சு, கொட்டும் நனைஞ்சு போச்சு. இப்ப தட்டினா ஈரத் துணியத் தட்டற மாதிரி இருக்கு" என்று சீறினார் மத்யாகூப்.

"யாரு மேல புகார்னு பேரச் சொல்லுங்கக்கா. எழுதிக்கணும்" என்றார் சர்வார்.

"அதோ, அந்தக் கொட்டுக்காரர்."

"பேரு?"

"உங்க ஃபைல்ல இருக்குமே, பாத்துக்குங்க."

பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. அவ்வளவு வெறுப்பா? சர்வார் பேனாவை மூடித் திறந்தார்.

"நீங்களாவது கொஞ்சம் விட்டுக்குடுங்களேன் அண்ணே."

"நான் விட்டுக்குடுக்காததா? அந்தக் கத்திரிக்கோல் அம்மாகிட்ட வேணா கேட்டுப் பாருங்க!"

மதியம் வரை இதே கதை. சர்வாருக்குத் தலை வெடித்தது. சாப்பாட்டு வேளையில் அனார்குல் துணி மூட்டையை அவிழ்த்து ஒரு சம்சாவை நீட்டினார். பூசணிக்காய் சம்சா. சற்று நேரத்தில் மத்யாகூப்பும் தன் மூட்டையிலிருந்து ஒன்றை நீட்டினார். அதுவும் பூசணிக்காய்.

"இந்த ஊர்ல வேற எதுவும் கெடைக்காதா?"

"கெடைக்குமே! எங்கிட்ட ஆட்டுக்கறி சம்சா இருக்கு, தரட்டுமா?" என்று எழுந்தார் ஜுமானியாஸ். மத்யாகூப் அதை ஏக்கத்தோடு பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சர்வார் காவலாளியைத் தனியே உள்ளறைக்கு அழைத்துப் போனார்.

"இவங்க சண்டை எப்பத்தான்யா ஓயும்?"

"அது ஓயாதுங்க. எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. நீங்கதான் புதுசு."

"சரி, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் இல்லன்னா?"

"கொட்டு அடிக்க இந்த ஊர்ல ஆளுக்குப் பஞ்சமில்ல. ஆனா அந்தம்மா இல்லன்னா தோட்டம் அவ்வளவுதான். வசந்த விழாவுக்கு ஒரு பூ பூக்காது."

அது போதும். சர்வார் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தார். மத்யாகூப்பை நாட்டின் மறுகோடியில் இருக்கும் தெர்மேஸுக்கு உடனே மாற்ற வேண்டும். பாவம், அந்த மனிதர் தனியாகக் கிடந்து அவதிப்பட வேண்டாமென்று, குடும்பத்தோடு தங்க வீடும் கேட்டு ஒரு வரி சேர்த்தார். உறையை ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் நின்ற அஞ்சல் வண்டியில் தன் கையாலேயே கொடுத்தார். காலையிலிருந்து முதல் முறையாக அவருக்கு மூச்சு சீரானது.

பாத்தியில் கருகிய மொட்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தார் அனார்குல்.

"இனிமே உங்க ரோஜாவுக்கு ஆபத்தில்லக்கா. அந்த ஆளத் தெர்மேஸுக்கு மாத்தச் சொல்லி எழுதிட்டேன்."

கத்திரிக்கோல் கீழே விழுந்தது.

"அவர மட்டுமா?"

"சேச்சே, குடும்பத்தோடதான். கவலப்படாதீங்க, அங்க வீடு கூடத் தருவாங்க."

அஞ்சல் வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. அனார்குல் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அவரு குடும்பமே நான்தாங்க!"