முன்வரிசை டிராம்போன்

கெசியா தனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவமணி அத்தை அவள் தொடையில் கிள்ளினாள். "ஏட்டி, கொஞ்சம் கீழ பாரு. பாக்குதவங்க என்ன நெனைப்பாங்க?"

கெசியா கீழே பார்க்கவில்லை. சேரன்மகாதேவிக்கு அவள் வந்ததே இதற்காகத்தான். தூரத்து உறவுக் கல்யாணம். பந்தலுக்கு முன்னால் பாளையங்கோட்டை பாண்டு ஊதிக்கொண்டிருந்தது. முன்வரிசையில், ஆளைவிட நீளமான டிராம்போனை நீட்டி மடக்கிக்கொண்டு நின்ற தானியேலுக்குத்தான் அவளைப் பேசியிருந்தார்கள்.

பாண்டிலேயே பெரிய டிராம்போன் அது. அடித்தொண்டைச் சத்தம் கொடுப்பது. சீமையிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்தது. கை எட்டாது என்று இழுகுழாயில் ஒரு பிடியே தனியாக வைத்திருந்தது. பின்னால் நிறுத்தினால் முன்னால் நிற்பவன் முதுகில் இடிக்கும் என்பதால், அதை ஊதுகிறவருக்கு எப்போதும் முதல் வரிசைதான். தானியேல் அதைத் தனக்குக் கிடைத்த பதவி என்றே நம்பியிருந்தார். முறுக்கின மீசையும் பித்தளைப் பொத்தானுமாக, இன்றைக்குத் தாலி கட்டப்போவதே தான்தான் என்பதுபோல ஒரு நிற்பு.

"ராஜா முடிசூட்டு விழாவுக்குக் கலெக்டர் முன்னால ஊதுனவராக்கும்," என்றாள் அத்தை.

ஊதட்டும். பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பெரிய மனிதர் தட்டில் வைத்த முறுக்கைக்கூடத் தொடவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. "பள்ளிக்கூடத்த எப்போ விடுவா?" அவருக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் அதையேதான் கேட்டார்கள். இனி வருகிறவனும் அதைத்தான் கேட்பான். போர்டிங்கில் கிடந்து படித்து, டிரெயினிங் முடித்து, மூன்று வருஷமாக நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், எவனுக்கோ குழம்பு கூட்டிப் போடுவதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமாம்.

அழுது, பட்டினி கிடந்து பார்த்ததில், அப்பா பாக்கியசீலன் ஒரு வழிக்கு வந்திருந்தார். "அவர்கிட்ட ஒரு குறை சொல்லு. இல்லாததச் சொல்லக் கூடாது, உள்ளதச் சொல்லணும். நான் பேச்ச முறிச்சிடுதேன்."

அந்தக் குறையைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு பாட்டு முடிந்தது. ஊதினவர்கள் எல்லாரும் கருவியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார்கள். ஊதுகிற மூச்சு குழாய்க்குள் தண்ணீராகிச் சேர்ந்துவிடும். வடிக்காவிட்டால் சத்தம் கொப்பளிக்கும். தானியேல் மட்டும் பட்டுக் கைக்குட்டையால் பித்தளையைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டு. மூன்றாவது. மற்றவர்கள் காலடியில் மண் நனைந்து கிடந்தது. அவர் காலடியில் புழுதி பறந்தது.

பாட்டு வகுப்பில் பாடாமல் வாயை மட்டும் அசைக்கிற பிள்ளைகளை மூன்று வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தவள் கெசியா. அதற்குமேல் அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பந்திக்காகப் பாண்டு கலைந்தது. வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற தானியேலிடம் நேராகப் போனாள்.

"நீங்க ஊதவே இல்லையே."

மீசை அசையாமல் இருந்தது. அதற்குக் கீழே வாய்தான் கோணியது. "யார் சொன்னா?"

"மூச்சு உள்ள போயிருந்தா தண்ணி வெளிய வந்திருக்கும். பின்வரிசையில தடியா ஒருத்தர் பெரிய ஊதலக் கெட்டிப்பிடிச்சிட்டு நிக்காரே, அவருதான் உங்களுக்கும் சேத்து ஊதுதாரு."

"பையப் பேசு." அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "போன சாரல்ல குற்றாலத்துல வழுக்கி விழுந்தேன். முன்பல்லு மூணு போச்சு. இது கட்டுன பல்லு. வச்சு அழுத்துனா கழண்டுரும்."

"பாண்டு மாஸ்டருக்குத் தெரியுமா?"

"அவர்தான் சும்மா நீட்டி மடக்கிட்டு நில்லுன்னாரு. இந்தக் குழாய் முன்னால வரலன்னா பாண்டக் கூப்பிட ஆள் இல்ல. வேற யாருக்கும் தெரியாது. எங்க அம்மைக்கே தெரியாது."

"கேக்குதவங்களுக்குத் தெரியாதா?"

"எவன் கேக்கான்? எல்லாரும் பாக்கத்தான வாரான்."

அன்றைக்கு அந்த மனிதர் பேசியதில் புத்தியுள்ள வார்த்தை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கெஞ்சல். "வெளிய சொல்லிராத. ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. நீ என்ன சொன்னாலும் கேக்கேன்."

கெசியா அவரை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். தோள்பட்டைச் சரிகை, பித்தளைப் பொத்தான், துடைத்துத் துடைத்து மின்னுகிற குழாய். உள்ளே ஒரு துளி மூச்சு கிடையாது. இதற்குப் பயந்துதான் இரண்டு நாள் பட்டினி கிடந்தோம் என்று நினைக்கையில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பிப் பந்தியைப் பார்க்க நடந்தாள்.

அவள் வந்த வேகத்தைப் பார்த்து அப்பா இலையிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார். அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, குறை ஏதும் கண்டியா?" என்றார் அப்பா. "தயங்காமச் சொல்லு. இப்பவே முறிச்சிடுதேன்."

கெசியா திரும்பிப் பார்த்தாள். தானியேல் டிராம்போனை மார்போடு அணைத்துக்கொண்டு, சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு குறையும் இல்லப்பா. கல்யாணத்தப் பள்ளிக்கூட லீவுல வைங்க."