நேர் வகிடு

கருகும் வாசனை வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. ஸ்ட்ரெய்ட்னரின் வாயில் அடுத்த முடிக்கற்றையைக் கவ்வக் கொடுத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு.

சுருள் செத்தது.

"அக்கா, ஐயா முழிச்சுட்டாரு." வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "'எங்க அவ?'ன்னு ஆரம்பிச்சாச்சு."

"கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்துட்டு இரு."

"நானா? என்னைப் பார்த்தாலே டிக்கெட் செக்கர்னு நினைச்சு போர்வைக்குள்ள ஒளியுறாரு மனுஷன்."

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. கண்ணாடியோரம் செருகியிருந்த கல்யாண போட்டோவை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். நேர் வகிடு. இருபுறமும் படிய வாரிய முடி; ஒரு மயிர் பிசகியிருக்காது.

அவருக்கு இப்போது தெரிந்த தலை அது ஒன்றுதான்.

நேற்று மழைச் சாரலில் நனைந்துவிட்டு, துவட்டிய கையோடு அவசரமாக அவர் அறைக்குள் போனாள். தலை காய்வதற்குள் நெற்றியோரம் ஒரே ஒரு சுருள் எழும்பிக்கொண்டது. அவ்வளவுதான்.

"யாருடி நீ? என் பொண்டாட்டி சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிற?"

கிண்ணம் சுவரில் போய் மோதியது. அதன்பிறகு பச்சைத் தண்ணீர்கூட அவர் பல்லில் படவில்லை.

சாயங்காலம் டாக்டர் வருவார். அதற்குள் வயிற்றில் ஏதாவது இறங்கியிருந்தால் சரி. இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய். போன தடவை போட்ட குழாயை அவரே பிடுங்கி எறிந்தார். தலையணை முழுக்க ரத்தம். இந்தத் தடவை இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டுத்தான் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இடது காதோரம் மட்டும் பாக்கி.

கரண்ட் போனது.

சரியாக அந்த நேரம் பார்த்து.

ஸ்ட்ரெய்ட்னரில் மிச்சமிருந்த சூட்டில் ஒரு இழுப்பு இழுத்தாள். முடி பாதிதான் படிந்தது. மீதியை எண்ணெய் வைத்து அழுத்தி, ஹேர்பின்னைக் குத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள்.

ஃப்ரிட்ஜுக்குள் கேரமல் புட்டிங் இருந்தது. சில்லிப்பு விட்டுப்போனால் அதற்கும் வாயைத் திறக்கமாட்டார். அச்சைத் தட்டில் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது, ஆடியது, உடையவில்லை. உச்சியிலிருந்து கேரமல் கருப்பாக வழிந்தது.

கருப்பாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் பட்டபாடு கொஞ்சமல்ல. வீடியோ பார்த்து, சர்க்கரையைப் பொன்னிறத்தில் இறக்கிச் செய்ததையெல்லாம் அவர் துப்பினார். ஒருநாள் போனில் பேசிக்கொண்டே அடுப்பில் கருகவிட்டாள். அன்றைக்குத்தான் "இதுதான்டி உன் கை" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"சேலையில பாச்சை உருண்டை வாசனை தூக்குதுக்கா," என்றாள் நர்ஸ், முந்தானையை இழுத்துச் சரிசெய்தபடி.

"பரவாயில்ல. அவருக்கு மூக்கு வேலை செய்யல."

"கண்ணு மட்டும் கழுகு."

உள்ளே போனாள். இடது காது அவர் பார்வையில் படாதபடி, கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

அவர் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். வகிட்டைப் பார்த்தார். மறுபடி முகம்.

"வந்துட்டியா," என்றார். "எங்கடி போன இவ்வளவு நேரம்?"

"அடுப்படியில இருந்தேங்க."

வாயைத் திறந்தார்.

முதல் ஸ்பூன். தொண்டை ஏறி இறங்கியது. கதவோரம் நர்ஸ் இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்துக் கும்பிட்டாள். அடுத்த ஸ்பூன். அதற்கடுத்தது. பாதிப் புட்டிங் உள்ளே போய்விட்டது. இன்றைக்குக் குழாய் இல்லை. நாளைக்கு இதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஃபேன் ஓடாத அறை புழுங்கியது. பின்கழுத்தில் வேர்வை ஊறியது. எண்ணெய் முடியில் ஹேர்பின் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குவது அவளுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினால் அவர் பார்வையும் கூடவே வரும்.

அவர் விழுங்குவதை நிறுத்தினார்.

"குழந்தை எங்க?"

ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"பள்ளிக்கூடம் விட்டிருக்குமே. நேத்தும் வரல, முந்தாநாளும் வரல." அவர் குரல் உடைந்தது. "நீ எதுவும் திட்டினியா? சீப்பை வச்சுக்கிட்டு அவ தலையோட மல்லுக்கட்டாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? அது என்னை மாதிரி சுருட்டை. உனக்கு வராது. நான்தான் சிக்கெடுக்கணும்."

ஒரு காலத்தில் சுருட்டை இருந்த தன் வழுக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தக் கை கீழே இறங்கி, கட்டில் உயரத்தில், அங்கே இல்லாத ஒரு சின்னத் தலையைத் தடவியது.

"எம்மேல கோவமா அதுக்கு? ஏன் வரவே மாட்டேங்குது?"

ஹேர்பின் கழன்று மடியில் விழுந்தது. காதோரத்தில் சுருள் ஒன்று மெல்ல எழும்பியது.

இடது உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கை ஸ்பூனை அவர் உதட்டருகே கொண்டுபோனது.

"இப்ப வந்துடுவா. நீங்க சாப்பிடுங்க," என்றாள் மகள்.